சம்பந்திக்கு ஒரு சிவப்பு ரிப்பன்

அத்தியாயம் 9

ஊசியம்மாவை உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி லேபில், வரிசையாக வந்து உட்காருகிறவர்களின் கையைப் பிடித்து ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசியம்மா என்று பெயர் வைத்ததும் ஆஸ்பத்திரிதான். அவளுடைய ஒரே பெண்ணை மருமகளாக்கிக்கொண்டவர் பிரேக்கம்மா. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து சீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக் இருக்குமே, அந்தப் பிரேக்கால் உயிர் பிழைத்த மாணவர்கள் நன்றியோடு வைத்த பெயர் அது.

சம்பந்திகள் இருவர் சேர்ந்து கல்யாணத்துக்குப் போவார்கள், துக்கத்துக்குப் போவார்கள். விமானம் ஏறி, கடல் தாண்டி, சல்சா ஆடக் கற்றுக்கொள்ளப் போவார்களா? இவர்கள் போனார்கள். வீட்டில் மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். பெண் மட்டும் சிரித்தாள்.

கூட்டிக்கொண்டு போனவள் ஊசியம்மா. போன வருஷம் ஒரு திருப்பத்தில், வண்டி பழகிக்கொண்டிருந்த பெண் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். பிரேக்கம்மாவின் கால் கீழே போய்ச் சேருவதற்குள் வண்டி சுவரில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிரேக்கம்மாவுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் முன்னால் உட்கார அவரால் முடியவில்லை. பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். பக்கத்து சீட்டில் உட்கார முடியாதவர் வண்டி ஓட்ட எப்படிக் கற்றுக்கொடுப்பார்? ஸ்கூலைப் பூட்டினார்.

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் அவர் போனில் ஓயாமல் பார்த்தது சல்சா வீடியோக்களை. “பாருங்க சம்பந்தி, அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துறா. எங்க திருப்புவான், எப்ப நிறுத்துவான்னு ஒண்ணுமே தெரியாது. எப்படி பயப்படாம இருக்கா?” என்று ஒருநாள் கேட்டார்.

அந்தக் கேள்வி ஊசியம்மாவின் மனதில் தைத்துவிட்டது. இருந்த லீவையெல்லாம் சேர்த்து எடுத்தாள். இரண்டு டிக்கெட் போட்டாள். ஏன் அவ்வளவு தூரம் போனாள் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை அவள் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

*

வகுப்பின் கடைசி நாள் அது. துணி வெளுக்கும் கடைக்கு மேலே அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு குளியலறை.

“நீங்க முதல்ல குளிங்க சம்பந்தி.”

“இல்ல இல்ல, நீங்க போங்க. எனக்கு அவசரமில்ல.”

“எனக்கு மட்டும் என்ன அவசரம்? நீங்க போங்க.”

வந்த நாளிலிருந்து தினமும் இதே கதை. வெந்நீரோ ஒரு ஆளுக்கு மட்டும்தான் வரும். யார் முதலில் போனாலும் இரண்டாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரண்டாவது ஆள் எப்போதும் ஊசியம்மாதான். பெண்ணைக் கொடுத்தவள் அல்லவா?

குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தவள், மேஜையில் ரொட்டியைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்த பிரேக்கம்மாவைப் பார்த்தாள்.

“யாரு சம்பந்தி?”

“ஸ்கூலை வாங்கறேன்னு சொன்னவர். இன்னைக்கு இங்க சாயங்காலம் ஆகறதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணுமாம். இல்லன்னா வேற இடம் பார்த்துக்குவாராம்.”

“நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? ஓரமா நின்னு பாடம் நடத்த அது என்ன பள்ளிக்கூடமா? பையனும் விட்டுடும்மா, விட்டுடும்மான்னு தினமும் சொல்றான்.” போனைக் கவிழ்த்து வைத்தார். “ஆமான்னு அனுப்பிடறேன்.”

“சாயங்காலம்னுதானே சொல்லியிருக்கார்?”

“ஆமா.”

“அப்போ சாயங்காலமே சொல்லலாமே. இன்னைக்கு ஆட்டம் இருக்கே.”

பிரேக்கம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரமில்லை. “நான் ஆடற லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. சரி, உங்க பேச்சுக்காக. கடைசிப் பாட்டு முடியட்டும், அனுப்பறேன்.”

*

சல்சா கற்றுக்கொடுக்கிற இடம் ஒரு காலத்தில் சாமான் குடோனாக இருந்திருக்க வேண்டும். உயரக் கூரை, பளபளவென்று மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆசிரியைக்குக் குரலைவிட விசிலில் நம்பிக்கை அதிகம். அதனால் சம்பந்திகள் இருவரும் தங்களுக்குள் அவளை விசில் என்றே சொல்லிக்கொண்டார்கள். மொழி ஒரு தடையாகவே இல்லை. உடைந்த ஆங்கிலம் கொஞ்சம், கை ஜாடை கொஞ்சம், மீதிக்கு விசில்.

சல்சாவில் ஜோடிக்கு ஒருவர் நடத்துவார், மற்றவர் கூடப் போவார். நடத்துகிறவருக்கு மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். விசில் கேட்டதும், கூடப் போகிறவர்கள் அடுத்த ஆளிடம் நகர வேண்டும்.

ஆண்கள் குறைவாக இருந்ததால் முதல்நாள் சில பெண்களுக்கும் ரிப்பன் கொடுத்தாள் விசில். பார்த்ததுமே ஆளை எடைபோட்டு, நேராகப் பிரேக்கம்மாவிடம்தான் நீட்டினாள். அங்கேதான் நம் ஆட்கள் கோட்டைவிட்டார்கள். வந்தவர்களை வரவேற்கத்தான் கட்டுகிறார்கள் என்று நினைத்த பிரேக்கம்மா, எதைக் கொடுத்தாலும் முதலில் சம்பந்திக்கு என்கிற பழக்கத்தில், “முதல்ல உங்களுக்கு” என்று சொல்லி ரிப்பனை வாங்கி ஊசியம்மா கையில் இறுக்கிக் கட்டிவிட்டார்.

தனக்கு இரண்டாவது ரிப்பன் வரும் என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். வரவில்லை. விஷயம் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. கட்டிவிட்ட மரியாதையை அவிழ்த்து வாங்கிக்கொள்ள எந்த சம்பந்திக்கு மனசு வரும்?

இப்படியாக, வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வழி சொன்னவர் கூடப் போகிறவரானார். வழி விட்டே பழகியவள் நடத்துகிறவளானாள்.

விளைவை நீங்களே யூகித்திருப்பீர்கள். கூடப் போகிறவர் முதல் தாளத்துக்கு வலது காலைப் பின்னால் வைக்க வேண்டும். வலது கால்! பிரேக்கம்மாவின் பிரேக் கால். தாளம் விழுந்ததும் அந்தக் கால் போய்த் தரையை ஓங்கி மிதிக்கும். அதோடு சரி, ஆள் நகர மாட்டார். அவரோடு ஆடுகிற நெட்டைப் பிளம்பர், கட்டைவிரல் மிதிபட்ட மறுநாளிலிருந்து வேலைக்குப் போடுகிற கனத்த பூட்ஸிலேயே ஆட வந்தார். நல்ல மனுஷன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊசியம்மாவிடம் வரும்போது நிலைமை இன்னும் மோசம்.

“போலாமா சம்பந்தி?”

“உங்க இஷ்டம்.”

“இல்ல, நீங்க சொல்லுங்க.”

“ரிப்பன் உங்க கையிலதானே இருக்கு?”

“இருந்தா என்ன? உங்களை நான் எப்படி இழுக்கறது?”

அதற்குள் விசில் ஊதிவிடும். இந்தப் பத்து நாளில் இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து ஒரு முழு அடி எடுத்து வைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? கைகோத்து நின்று ஒருவரையொருவர் விசாரித்ததுதான் மிச்சம்.

அன்று காலை விசில் எல்லோரையும் முழுச் சுற்று சுற்றச் சொன்னாள். பிளம்பர் பிரேக்கம்மாவின் கையை மெல்ல உயர்த்தித் திருப்பினார். அரைச் சுற்று வந்திருப்பார். பிளம்பர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். எதிரே வெறும் சுவர்.

“நிறுத்து! நிறுத்து!”

அவர் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றது. மொழி தெரியாதவர்களுக்கும் அந்தச் சத்தம் புரிந்தது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். பிளம்பர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் விழித்தார்.

முகம் வெளுத்துப்போயிருந்த பிரேக்கம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். பையை எடுத்துக்கொண்டு, ஆடுகிற ஷூவோடேயே வெளியே போய்விட்டார்.

*

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு எதிரில் ஒரு பெஞ்ச். பிரேக்கம்மா அதில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் அவர் வலது கால் லேசாக அழுந்தியது.

ஊசியம்மா அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து காலடியில் வைத்தாள்.

“ஐயையோ, என்ன சம்பந்தி இது! நீங்க போய் என் செருப்பை...” பிரேக்கம்மா துள்ளிக் காலை இழுத்துக்கொண்டார்.

“பரவாயில்ல. ஷூ அழுக்காகிடும், மாத்திக்கங்க.”

“நீங்க உள்ள போங்க. கிளாஸ் போகுது.”

“போகட்டும்.”

ஊசியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒரு சக்கரத்தைத் தலைகீழாக வைத்துச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திரும்பினதும் அந்தச் சுவர் வந்துடுச்சு, சம்பந்தி,” என்றார் பிரேக்கம்மா. “எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். எவ்வளவு தடவை சமாளிச்சிருக்கேன். அன்னைக்கு என் கால் லேட். அந்தப் பொண்ணு ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தா. எனக்கு வலியில ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லத் தோணலை. அப்புறம் அவளைப் பார்க்கவே இல்ல. இனிமே ஸ்டீயரிங்கைத் தொடுவாளோ என்னவோ.”

ஊசியம்மா அவர் கையைப் பிடித்தாள். பிடித்ததும், பழக்க தோஷம், அவளுடைய விரல் தானாக முழங்கை மடிப்புக்குப் போய் நின்றது. அந்த இடத்தை அவள் இருட்டில்கூடக் கண்டுபிடிப்பாள்.

ஊசியம்மா யாரிடமும் சொல்லாத அந்தக் காரணத்தை இப்போது சொல்ல வேண்டும்.

பெண்ணுக்குக் கல்யாணமான மறுவருஷம் ஊசியம்மா படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டு அவிழ்த்த பிறகும் கை நடுங்கியது. ஊசி எடுத்தால் நுனி ஆடியது. ஆஸ்பத்திரியில் அவளைச் சீட்டு எழுதுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். இனி லேப் இல்லை என்று அவளே முடிவு செய்திருந்தாள். யார் கையைக் கேட்டு, குத்திக் குத்திப் பழக முடியும்?

ஒருநாள் சாயங்காலம் லேபின் பயிற்சி அறைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு பிரேக்கம்மா வந்தார். லேப் தலைவரிடம் அவரே போய் அனுமதி வாங்கியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை மேஜைமேல் நீட்டினார்.

“ம்... குத்துங்க.”

“சம்பந்தி! உங்களையா?”

“ஏன், என் கையில ரத்தம் ஓடலையா? குத்துங்க.”

பிள்ளையைப் பெற்றவர் பெண்ணைப் பெற்றவளிடம் வந்து கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வலது கை வீங்கினால் அடுத்த முறை இடது கை. கறுத்துப்போன இடங்கள் தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். மகனுக்கே தெரியாது. ஊசியம்மாவின் கை நிற்கிறவரை அவர் வருவதை நிறுத்தவில்லை. கை நின்ற அன்று, “அப்போ நான் கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

ஊசியம்மா மறுபடி லேபுக்குப் போனாள். இன்றுவரை அவள் சாப்பிடுகிற சோறு அந்தக் கை போட்டது. ஆனால் நன்றி என்ற வார்த்தையை சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், சேச்சே இதென்ன என்பார். திரும்ப ஏதாவது செய்யலாமென்றால், பெண் வீட்டிலிருந்து எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டவர். இந்த விமான டிக்கெட்டுக்குக்கூடத் தன் பங்கைக் கொடுத்த பிறகுதான் ஏறினார். சொல்லாமல் வைத்திருந்த நன்றி அவள் நெஞ்சிலேயே கனத்துக் கிடந்தது.

“சம்பந்தி,” என்றாள். “நீங்க கையைக் கொடுக்கலைன்னா நான் இன்னைக்கும் சீட்டுத்தான் எழுதிக்கிட்டு இருப்பேன். நான் உங்களுக்கு நன்றியே சொல்லலை. இப்போ சொல்றேன். ரொம்ப நன்றி.”

பிரேக்கம்மா திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கலங்கினால் கிண்டல் பண்ணுவது அவர் சுபாவம்.

“இதைச் சொல்றதுக்கா கடல் தாண்டிக் கூட்டிக்கிட்டு வந்தீங்க? வீட்டுல காபி குடிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாமே?”

“வீட்டுல சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க. இங்க எங்க போவீங்க?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சைக்கிள் கடைக்காரரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் பிரேக்கம்மா. “எனக்கு ஊசின்னா உயிர் போயிடும். சின்ன வயசுலேர்ந்தே. பையன் பிறந்தப்போ வலியைவிட அந்த ஊசிக்குத்தான் கத்தினேன்.”

ஊசியம்மா திகைத்துப்போனாள். “அப்புறம் எப்படி தினமும் வந்து உட்கார்ந்தீங்க?”

“நீங்கதான் சொன்னீங்களே. விரலை மடக்குங்க, மூச்சை விடுங்க, அந்தப் பக்கம் பாருங்கன்னு. நல்லா அதட்டிச் சொன்னீங்க. நான் பேசாம கேட்டுக்கிட்டேன்.”

“நான் அதட்டினேனா? உங்களையா?”

“பின்னே? ஊசி கையில வந்துட்டா நீங்க வேற ஆளு. அப்போ சம்பந்தியாவது, மண்ணாவது! நீங்க சொன்னா செய்யணும், அவ்வளவுதான். எனக்கு அதுதான் தைரியமா இருந்துச்சு.” செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். “சரி, ரூமுக்குப் போலாம். தலை வலிக்குது.”

ஊசியம்மா எழுந்திருக்கவில்லை. தன் மணிக்கட்டிலிருந்த சிவப்பு ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சாயங்கால ஆட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வெளிச்சம் மங்குவதற்கு முன்பே கூடம் நிறைந்துவிட்டது. மாணவர்கள், அவர்களுடைய வீட்டார், தெருவில் போனவர்கள். பிளம்பர் மனைவியையும் மாமியாரையும் கூட்டி வந்திருந்தார். பூட்ஸை மட்டும் கழற்றவில்லை.

பிரேக்கம்மாவை அழைத்து வரவே பெரும்பாடாகிவிட்டது. வந்தவர் ஷூ அடுக்கி வைத்திருந்த மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து கூப்பிட்டார்கள். முழங்காலைக் காட்டி மறுத்துவிட்டார். முழங்காலுக்கு ஒரு கேடுமில்லை.

கடைசிப் பாட்டு என்று அறிவித்து விசில் ஊதினாள் விசில்.

பிரேக்கம்மா போனை எடுத்தார். ஆமாம் என்று அடித்து வைத்திருந்தார். அனுப்புவதற்கு விரலை மட்டும் வைக்க வேண்டும்.

ஊசியம்மா அதைப் பார்த்துவிட்டாள். போலாமா என்று கேட்டால் அவர் வரமாட்டார். உங்க இஷ்டம் என்றால் அவ்வளவுதான், கதை முடிந்தது. கூடத்தைக் குறுக்காகக் கடந்து போய் அவர் முன்னால் நின்றாள். லேபில் காலை வரிசையில் முதல் ஆள் வந்து உட்காரும்போது வருகிற குரல் அவளுக்கு வந்தது.

“போனை உள்ள வைங்க. கையை நீட்டுங்க.”

பிரேக்கம்மா நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒருவரும் அவரிடம் பேசியதில்லை. பேசியது ஒரே ஒருத்தி, ஒரே ஓர் அறையில். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. போனைப் பைக்குள் போட்டார். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டார். கையை நீட்டினார்.

“ம்... குத்துங்க.”

ஊசியம்மாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஒரு கையால் அவர் விரல்களைப் பிடித்து, மற்றக் கையை அவர் முதுகில் வைத்தாள். பிரேக்கம்மாவின் கை கல்லாக இருந்தது. முதல் தாளத்துக்கு வலது கால் போய்த் தரையை ஓங்கி மிதித்தது. பக்கத்து ஜோடி பயந்து விலகியது.

“விரலை மடக்குங்க. இறுக்கமா. ம்... இப்போ விடுங்க.”

விரல்கள் மடங்கின. விரிந்தன.

“மூச்சை விடுங்க.”

மூச்சு வெளியே வந்தது. தோள் ஒரு அங்குலம் இறங்கியதை ஊசியம்மாவின் கை உணர்ந்தது. இறுகிய கை எது, இளகிய கை எது என்பது அவளுக்குத் தெரியாதா? அதுதானே பிழைப்பு! இளகிய அந்தக் கணத்தில் அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். கேட்கவில்லை, சொல்லவில்லை, வைத்தாள். பிரேக்கம்மாவின் கால் மிதிக்காமல் பின்னால் போனது.

“ஆங். அப்படித்தான்.”

முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி. மறுபடி. அவர் கால் எப்போது தடுமாறுகிறதோ அதற்கு முன்பே கையில் தெரிந்தது. தெரிந்ததும் அவள் விரலால் லேசாக அழுத்தினாள், அவர் மூச்சை விட்டார், கால் போனது. கூடத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஊசியம்மா யாரையும் பார்க்கவில்லை.

இப்போது சுற்ற வேண்டும். காலையில் நின்றுபோன இடம். அவள் கையை உயர்த்தியதும் பிரேக்கம்மாவின் விரல்கள் மறுபடி கல்லாயின. கண்ணில் அந்தச் சுவர் வந்துவிட்டது என்று தெரிந்தது.

“நான் பிடிச்சிருக்கேன்,” என்றாள் ஊசியம்மா. பிறகு, தன் வாழ்நாளில் எண்ணி மாளாத தடவை சொன்ன வார்த்தையைச் சொன்னாள். “அந்தப் பக்கம் பாருங்க.”

பிரேக்கம்மா அந்தப் பக்கம் பார்த்தார். தலை திரும்பியது, தோள் திரும்பியது, உடம்பு முழுக்கத் திரும்பியது. ஒரு நொடி முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே என்ன வருகிறது என்று பார்க்காமல், இன்னொருத்தியின் கையை மட்டும் நம்பிச் சுற்றினார். சுற்றி முடித்து, மறுபடி முகத்துக்கு முகம் வந்து நின்றபோது அவர் கண்கள் மூடியிருந்தன.

“ஆச்சு,” என்றாள் ஊசியம்மா. “அவ்வளவுதான்.”

பிரேக்கம்மா கண்ணைத் திறந்தார். “முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சுது.”

“வலிக்கவே இல்லையே!”

மீதிப் பாட்டுக்கு இரண்டு பேரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஆடினார்கள். அழகாக ஆடினார்களா என்று கேட்டால், இல்லை. பாட்டு முடிந்ததும் பிளம்பர் ஓடி வந்தார். விசில் மனமிரங்கி இன்னொரு பாட்டுப் போட்டாள். ஊசியம்மா தன் கையிலிருந்த சம்பந்தியின் கையை எடுத்துப் பிளம்பர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள். பிரேக்கம்மா அவரோடும் சுற்றினார். பூட்ஸுக்கு வேலையே வரவில்லை.

சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊசியம்மாவின் மனசு நிறைந்திருந்தது. அந்த மரத்தரைக்கும், விசிலுக்கும், பிளம்பரின் கட்டைவிரலுக்கும்கூட நன்றி சொல்லத் தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்துக்கொள்ளத் தெரியாத தன் கையில் ஒரு ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்ட அந்த மரியாதைக்கு.

ரிப்பனைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். விசில் வாங்க மறுத்து, அவள் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

*

ஷூ மாற்றும்போதுதான் போனைப் பார்த்தாள். மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது.

“அம்மா, இதை அத்தைகிட்ட இப்போ சொல்லாதே. அன்னைக்கு வண்டியை மோதின பொண்ணு ஸ்கூல் வாசல்ல வந்து நின்னா. பூட்டியாச்சுன்னு சொன்னாலும் கேக்கலை. ஓட்டினா அவங்க பக்கத்துல உட்கார்ந்தாத்தான் ஓட்டுவேன்னு சொல்லிட்டா. இவர் கோபமா பேசித் துரத்திட்டார். ஆனா நாளைக்கும் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. இவர் அத்தைகிட்ட மூச்சு விடக் கூடாதுங்கறார். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை.”

ஊசியம்மா இரண்டு தடவை படித்தாள். போனைப் பைக்குள் வைத்தாள்.

வெளியே டாக்ஸி வந்து நின்றது. வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து, “நீங்க முதல்ல” என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

பிரேக்கம்மா முன்கதவைத் திறந்துகொண்டிருந்தார். டிரைவர், பக்கத்து சீட்டிலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து வழிவிட்டார். பிரேக்கம்மா ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பம் வந்தது. ஊசியம்மா பின்னாலிருந்து எட்டி அவர் காலைப் பார்த்தாள். வலது கால் அழுந்தவில்லை. கொஞ்சம் முன்பு கேட்ட பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“அவருக்கு என்ன பதில் அனுப்பினீங்க சம்பந்தி?”

“வேற இடம் பார்த்துக்கச் சொல்லிட்டேன்.” பிரேக்கம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பையன் குதிப்பான். குதிக்கட்டும். உடனே பெருசா ஆரம்பிக்கப் போறதில்ல. ஒரே ஒரு ஸ்டூடண்டோட ஆரம்பிக்கறேன். அது நீங்கதான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் தப்பிச்சீங்க. இனிமே அதெல்லாம் நடக்காது. நீங்க ஓட்டறீங்க, நான் பக்கத்துல உட்காரறேன்.”

சரி என்று சொல்லியிருக்கலாம். உங்கள் இஷ்டம் என்றும் சொல்லியிருக்கலாம். பெண் சொல்லாதே என்கிறாள், மாப்பிள்ளை கூடவே கூடாது என்கிறான். பேசாமலிருப்பது ஊசியம்மாவுக்குப் புதிதில்லை. மணிக்கட்டிலிருந்த ரிப்பனை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணு இல்ல சம்பந்தி,” என்றாள். “ரெண்டு ஸ்டூடண்ட்.”

தாளம் போட்ட கால் நின்றது. “ரெண்டா? இன்னொண்ணு யாரு?”

ஊசியம்மா முன்சீட்டைத் தாண்டிக் கையை நீட்டி, மடித்துவிட்ட சட்டைக்குக் கீழே அந்த முழங்கை மடிப்பில் விரலை வைத்தாள்.

“மூச்சை விடுங்க,” என்றாள். “சொல்றேன்.”